திங்கட்கிழமைப் பந்து

செஞ்சி
18-9-2024

மங்கைக்கு, சுந்தராம்பாள் எழுதுவது.

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும் என்பார்கள். நீ நலமாக இல்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன். போன மாசம் உனக்குப் போன் போட்டேன். நான் மங்கை, மங்கை என்று கத்த, நீ யாரு, யாரு என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். பிறகு உன் மகள் காயத்ரி போனை வாங்கி, "அம்மாவுக்குக் காய்ச்சல் வந்ததுல ரெண்டு காதும் போச்சு பெரியம்மா" என்றாள். 

செல்போனில் எழுத்து அடிக்க என் விரலுக்கு வராது. மகனை அடிக்கச் சொன்னால் நம் பேச்செல்லாம் அவன் பேச்சாகிவிடும். அதனால் தபால். நான் அஞ்சாவதுதான் படித்தேன், ஆனால் என் எழுத்தில் பிழை இருக்காது. கோதண்டராமன் வாத்தியார் கரும்பலகையில் எழுத என்னைத்தான் கூப்பிடுவார். இதை உனக்கு நூறு தரம் சொல்லியிருக்கிறேன், தெரியும்.

இங்கே என் நிலைமையைச் சொல்கிறேன். பக்கவாதம் வந்து அவரைப் பெங்களூரிலிருந்து ஊருக்கு அழைத்து வந்து இரண்டு வருஷம் ஆகிறது. வலது பக்கம் இன்னும் வரவில்லை. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு, நான்தான் தூக்குகிறேன். மகன் இளவரசன் லோடு வண்டி ஓட்டுகிறான், மருமகள் ஜெயசுதா பஜாரில் துணிக்கடைக்குப் போகிறாள், பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள். பகல் எல்லாம் நானும் அவரும்தான்.

காலையில் அவர் கஞ்சி குடித்துக் கண்ணை மூடினதும் அரை மணி நேரம் எனக்குக் கிடைக்கும். கோல்ஃப் ஆட வரும் டாக்டரம்மா எனக்குக் கொடுத்துவிட்டுப் போன அந்த ஏழாம் நம்பர் மட்டையை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போவேன். தண்ணீர் இல்லாத பக்கம், ராஜகிரிக் கோட்டையைப் பார்த்தபடி அடிப்பேன். முன்னெல்லாம் நேராகப் போகும். சித்திரை மாசத்திலிருந்து ஒரு பந்தும் நேரே போகவில்லை. வலது பக்கமாக வளைந்து வேலிக்காத்தான் முள்ளுக்குள் ஓடுகிறது. ஒன்பது பந்தில் ஆறுதான் மிச்சம். என்ன தப்பு செய்கிறேன் என்று என்னால் பார்த்துக்கொள்ள முடியவில்லை.

நீ இருந்தால் தெரிந்திருக்கும். இருபத்து நாலு வருஷம் அந்த கோல்ஃப் கிரவுண்டில் வரிசையாகக் குந்திக் களை பிடுங்கினோம். பெரிய மனுஷருக்கெல்லாம் லீவான திங்கட்கிழமையில் நாமும் அடித்துக்கொள்ளலாம் என்று விட்டார்களே, அந்தத் திங்கட்கிழமைக்காகத்தான் மற்ற ஆறு நாளும் முதுகு வளைத்தேன். எனக்கும் உனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. நீ பீச்சாங்கைக்காரி, உனக்கு அந்த இடக்கை மேஜருடைய பழைய மட்டை. எதிரெதிரே நின்று, கண்ணாடியைப் பார்க்கிற மாதிரி ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி பழகினோம். நீ சாய்ந்த பக்கம் நான் சாய்ந்தேன். எந்தக் கை என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

தை மாசம் நடக்கிற பெண்கள் ஜோடி ஆட்டத்துக்கு எப்படியும் வந்துவிடுவேன். ஒரு நாள் இளவரசன் வண்டியை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான். அதற்குள் என் கை சரியாக வேண்டும். வழி சொல்லு.

சுந்தராம்பாள்


பெங்களூர்
1-10-2024

அக்கா,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். உன் எழுத்து அச்சடித்த மாதிரி. என்னுடையது கோழி கிளறின மாதிரி. திட்டாமல் படி.

காது போனதில் ஒரு நன்மை உண்டு. மேஸ்திரி தனசேகரன் திட்டுவது கேட்பதில்லை. அவர் வாய் மட்டும் ஆடும், நான் தலையை ஆட்டுவேன். எனக்குக் கேட்காது என்று இன்னும் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் வேலை போய்விடும். நீயும் யாரிடமும் சொல்லாதே. உனக்கு அங்கே சொல்ல யார் இருக்கிறார்கள், எருமைதான்.

ஆனால் அக்கா, மட்டையைப் பிடித்தால் அழுகை வருகிறது. பந்தில் இரும்பு படும்போது ஒரு டக் வருமே, அது நல்ல அடியா கெட்ட அடியா என்று அந்தச் சத்தத்தில்தான் எனக்குத் தெரியும். இப்போது பஞ்சுமூட்டையை அடிக்கிற மாதிரி இருக்கிறது. அடித்தேனா இல்லையா என்றே தெரியாமல் நிற்கிறேன். போன திங்கட்கிழமை எட்டு அடியில் ஐந்து மண்ணைத்தான் தோண்டியது.

உன் விஷயத்துக்கு வருகிறேன். எதிரே நின்றால் ஒரு நிமிஷத்தில் காட்டிவிடுவேன். எழுத்தில் எப்படிச் சொல்வது என்று நான்கு நாள் யோசித்தேன். கடைசியில் காயத்ரி வேலைக்குப் போன பிறகு துடைப்பத்தை மட்டை மாதிரி பிடித்து, என் கை என்ன செய்கிறது என்று பார்த்துப் பார்த்து எழுதுகிறேன். மட்டையைப் பின்னால் தூக்கும்போது இடது முழங்கை விலாவை விட்டுப் பிரியக் கூடாது. இடது அக்குளில் ஒரு துணியைச் செருகிக்கொள், அது கீழே விழக் கூடாது. வலது கை வளையவே கூடாது, குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு போகட்டும். இதுதான் சூட்சுமம். தினமும் இருபது தரம் செய். வலித்தால் விடாதே, நீ விடுகிறவள் இல்லை.

அண்ணன் உட்கார்ந்து பேசுகிறாரா? நான் கேட்டதாகச் சொல்.

மங்கை


செஞ்சி
27-10-2024

மங்கைக்கு,

நீ எழுதியபடியே செய்கிறேன். இடது அக்குளில் அவருடைய பழைய துண்டைச் செருகிக்கொண்டு, வலது கையை வளைக்காமல் நீட்டி அடிக்கிறேன். முதல் நாள் யாருடைய கையையோ கடன் வாங்கின மாதிரி இருந்தது. நீ யோசித்து எழுதியிருப்பாய் என்று விடவில்லை. இருபதுக்கு நாற்பதாக அடிக்கிறேன். வலது தோளில் ஒரு குத்தல் இருக்கிறது. இத்தனை வருஷம் தப்பாகப் பழகின கை சரியாகும்போது வலிக்கத்தானே வேண்டும். பந்து இன்னும் நேரே போகவில்லை.

எருமை மேய்க்கிற ராஜாங்கம் ஒரு வாரமாக என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முந்தாநாள் கிட்ட வந்து, "இன்னாம்மா, தெனம் பாம்பு அடிக்கிற? அவ்ளோ பாம்பா இருக்குது இங்க?" என்று கேட்டார். இது ஒரு விளையாட்டு, பணக்காரர்கள் ஆடுவது என்று விளக்கினால் நம்புவாரா? "ஆமாங்க, கட்டுவிரியன்" என்றேன். அன்றிலிருந்து அவர் எருமையை அந்தப் பக்கம் விடுவதில்லை. எனக்கும் இடம் தாராளமாகக் கிடைத்தது.

உன் காதுக்கு நான் என்ன சொல்வது? சத்தத்தைக் காதில் தேடாதே, உள்ளங்கையில் தேடு என்று எழுதிப் பார்த்தேன். எழுதின பிறகு எனக்கே வெறும் வாய்ப்பந்தல் மாதிரி தெரிந்தது. நானும் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு அடித்துப் பார்த்தேன். பந்து கண்முன்னால் இருக்கிறது, ஆனால் இல்லை. நீ எங்கே நிற்கிறாய் என்று அப்போதுதான் புரிந்தது. 

அவர் பேச்சு நாலைந்து வார்த்தைதான். நான் ஏரியிலிருந்து வந்ததும் இடது கையைத் தூக்கி, "இன்னா ஆச்சு?" என்பார். பந்தைத்தான் கேட்கிறார். அந்தப் புல்லை வளர்த்த மாலி இல்லையா, அவருக்குத் தெரியும். நேராப் போச்சு என்று பொய் சொல்வேன். நீ கேட்டதைச் சொன்னேன், சிரித்தார்.

தை மாசம் வருவேன்.

சுந்தராம்பாள்


பெங்களூர்
20-11-2024

அக்கா,

தேதி போட்டுவிட்டார்கள். பிப்ரவரி பத்து, திங்கட்கிழமை. ஆறு குழி. எப்போதும் போல ஜோடிக்கு ஒரே பந்து, ஒருத்தி மாற்றி ஒருத்தி அடிக்க வேண்டும்.

இதுதான் கடைசி. ஏப்ரலிலிருந்து புல் வேலை முழுக்க மெஷின்காரக் கம்பெனிக்குப் போகிறது. களை பிடுங்குகிற நாங்கள் பதினாலு பேரும் மார்ச்சு கடைசியோடு வீட்டுக்கு. அதற்குப் பிறகு திங்கட்கிழமையானாலும் கேட்டைத் தாண்டி உள்ளே விட மாட்டார்கள். அதனால் நீ வந்தே ஆக வேண்டும்.

நான் அதுவரைக்கும்கூடப் புல்லில் இல்லை. கண்டுபிடித்துவிட்டார்கள். போன வாரம் ஒன்பதாம் குழிப் பக்கம் குந்திக் களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். பந்து வந்தால் ஃபோர் என்று கத்துவார்களே, கத்தியிருக்கிறார்கள். எல்லாரும் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார்கள். நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, இவளுகளுக்கு என்ன வந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து என் கொண்டையை உரசிக்கொண்டு போனது. தனசேகரன் ஓடி வந்தார். திட்டவில்லை அக்கா. என் எதிரே குந்தி, வாயை மெதுவாக அசைத்து, "கேக்கலையா?" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்போது செடித்தொட்டிக்கு மண் நிரப்புகிறேன். பந்து கண்ணில் படுவதே இல்லை.

தோள் குத்தல் இன்னும் இருக்கிறதா? வெந்நீர் ஒத்தடம் கொடு. விடாமல் செய்.

மங்கை


செஞ்சி
14-12-2024

மங்கைக்கு,

புயல் மழை இங்கே என்ன செய்தது என்று டிவியில் பார்த்திருப்பாய். ஏரி நிரம்பி நான் அடித்த இடமெல்லாம் தண்ணீர். ராஜாங்கத்தின் இரண்டு எருமையும் போய்விட்டது.

மழை விட்ட மூன்றாம் நாள். ரேஷன் கடையில் நிவாரணம் தருகிறார்கள் என்று தெருவே அங்கே போயிருந்தது. பதினோரு மணி இருக்கும். அவரை நாற்காலியிலிருந்து தூக்கினேன். பாதி தூக்கினபோது என் வலது தோளில் துணி கிழிகிற மாதிரி ஒன்று நடந்தது. கை என் கையாக இல்லை. அவர் கீழே போனார். பிடிக்க முடியவில்லை. நானும் அவரோடு போனேன்.

அவருக்கு அடி அதிகமில்லை. ஆனால் என்னால் அவரை எழுப்ப முடியவில்லை. இடது கையால் இழுத்தேன், முதுகைக் கொடுத்து நெம்பினேன். கூப்பிட்டேன், கேட்க ஆளில்லை. அவர் "விடு" என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அவருக்கு வேட்டி நனைந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாற்றிவிடக்கூட என்னால் எழுந்திருக்க முடியவில்லை. மூன்று மணிக்கு இளவரசன் வரும் வரைக்கும் இரண்டு பேரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

விழுப்புரத்தில் காட்டினோம். தோளுக்குள் தசைநார் அறுந்திருக்கிறது, கொஞ்ச நாளாகவே தேய்ந்து தேய்ந்து இருந்திருக்கும் என்றார் டாக்டர். இந்தக் கை இனிமேல் தலைக்கு மேலே போகாதாம்.

இப்போது காலையும் மாலையும் மகனும் மருமகளும் சேர்ந்து தூக்குகிறார்கள். "நைனாவ நாங்க பாத்துக்குறோம், நீ கம்முனு உக்காரு" என்கிறான் இளவரசன். மருமகள் கை பட்டால் அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறார். நடுப்பகலில் அவருக்கு ஒன்றுக்கு வந்தால் நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதே இல்லை.

பிப்ரவரிக்கு நான் வர மாட்டேன். வேறு ஜோடி பார்த்துக்கொள்.

சுந்தராம்பாள்


பெங்களூர்
30-12-2024

அக்கா,

வர மாட்டேன் என்று நீ எழுதின வரியை விரலால் மறைத்துக்கொண்டு மற்றதைப் படித்தேன்.

அடிக்க வேண்டாம். சும்மா வந்து என் எதிரே நில். உன்னைப் பார்த்தால் எனக்கு அடி வரும். காது போன பிறகு எனக்கு வேறு எது இருக்கிறது? ஒரு நாள்தானே. திருவண்ணாமலை வந்து பெங்களூர் பஸ் ஏறினால் சாயங்காலம் இங்கே. உனக்குப் பெருமை அதிகம் அக்கா. அடிக்க முடியாதவளாக அந்தக் கிரவுண்டில் நிற்க மாட்டாய், அதுதான் காரணம். அண்ணனைச் சாக்குச் சொல்லாதே.

வேறு ஜோடி எனக்கு வேண்டாம்.

மங்கை


செஞ்சி
21-1-2025

மங்கைக்கு,

பெருமைதான். இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் நான் ஒரு நேரம் இல்லாவிட்டால் அவர் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் யாராவது தூக்க வேண்டுமே என்று. பொங்கலன்று கோயிலுக்குப் போய்விட்டு வர இரண்டு மணி நேரம் ஆனது. உதடு வெடித்திருந்தது. அப்புறம் எங்கே பெங்களூர்?

மட்டையைச் சாக்கில் சுற்றி, பெங்களூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். காயத்ரியை பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள்ளச் சொல். இது என்ன என்று கண்டக்டர் கேட்டார். பாம்பு அடிக்கிறது என்றேன். உள்ளே பந்து ஒன்று இருக்கிறது. மிச்சத்தை ஏரி எடுத்துக்கொண்டது.

சுந்தராம்பாள்


பெங்களூர்
12-2-2025

அக்கா,

இந்தக் கடிதத்தை இரண்டு தரம் எழுதிக் கிழித்தேன். இது மூன்றாவது. கடைசி வரைக்கும் படி.

முந்தாநாள் போனேன். ஜோடி இல்லாமல் சேர்க்க மாட்டேன் என்று தனசேகரன் கையை விரித்தார். உன் மட்டையை ஒரு கையில், என் மட்டையை ஒரு கையில் பிடித்துக் காட்டினேன். என் அடியை நான் இடது பக்கம் நின்று அடிக்கிறேன், அக்கா அடியை அவள் மட்டையால் வலது பக்கம் நின்று நானே அடிக்கிறேன் என்றேன். கூடக் களை பிடுங்குகிற வள்ளியம்மை வாயைப் பொத்திச் சிரித்தாள். உனக்கு நீயே ஜோடியா என்று கேட்கிறாள், உதட்டைப் பார்த்தே தெரிந்தது. தனசேகரன், ஆடிக்கொள், ஆனால் கணக்கில் இல்லை என்று சைகை காட்டினார். போதும் என்றேன்.

முதல் குழியில் உன் அடி மூன்று தரம் காற்றில் போனது. இரண்டாம் குழியில் மண். உன் பந்துக்கு இப்படி அவமானமா என்று எனக்குக் கோபம். மூன்றாம் குழியில், தூங்குமூஞ்சி மரத்துக்குப் பக்கத்தில், மறுபடி உன் முறை. சரி, அக்காவுக்கு எழுதினபடியே அடிப்போம் என்று முந்தானையைச் சுருட்டி இடது அக்குளில் செருகினேன். வலது கையை வளைக்காமல் நீட்டினேன். மட்டை பாதிக்கு மேலே எழும்பவில்லை. வலது தோளில் யாரோ கடித்த மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தேன். பந்து இருபது அடி உருண்டு நின்றது.

அடுத்தது என் முறை. உன் மட்டையைக் கீழே வைத்து என் மட்டையை எடுத்து மறுபக்கம் போய் நின்றேன். இடது முழங்கை தானாக விலாவில் ஒட்டியது. வலது கை தானாக நீண்டது. சுலபமாக மேலே போனது.

அப்போதுதான் தெரிந்தது.

எதிரெதிரே நின்றபோது என் இடது கைக்கு நேரே உன் வலது கை இருந்தது. அதைத்தான் நீ பார்த்துச் செய்தாய். துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நான் என் கையைப் பார்த்து எழுதினேன். உன்னுடையது வேறு கை என்று எனக்குத் தோன்றவே இல்லை. உனக்கு நான் எழுத வேண்டியது எல்லாம் தலைகீழ். இரண்டு மாசம் நாற்பது நாற்பதாக உன்னை அடிக்க வைத்தேன். வலித்தாலும் விடாதே என்றேன். தேய்ந்து தேய்ந்து இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதாக எழுதினாயே, அது நான். அண்ணன் தரையில் கிடந்த நான்கு மணி நேரமும் நான்.

மட்டையோடு அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஜோடி ஃபோர், ஃபோர் என்று கத்தியிருக்கிறார்கள். தனசேகரன் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். நான் அந்த அடியை அடிக்கவில்லை. பந்து அங்கேயேதான் கிடக்கிறது. எடுக்கக் கை வரவில்லை.

இனிமேல் நீ எனக்கு எழுத வேண்டாம். எழுதினால் நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. எழுதாவிட்டாலும் தெரியவில்லை.

மங்கை


செஞ்சி
24-2-2025

மங்கைக்கு,

எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பார்க்காதே. கையைத் தலையணை மேல் வைத்துத்தான் எழுத முடிகிறது.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். நீ பீச்சாங்கைக்காரி என்று எனக்குத் தெரியாதா? இருபத்து நாலு வருஷம் எதிரே நின்றவள் நான். உன் கடிதம் வந்த அன்றே, இவள் தன் கையைப் பார்த்து எழுதியிருக்கிறாள் என்று தெரிந்துகொண்டு, இடது என்ற இடத்தில் வலது என்று மாற்றிப் படித்துத்தான் அடித்தேன். துண்டைச் செருகினது வலது அக்குளில்தான். தோள் போனது அவரைத் தூக்கித் தூக்கி. இரண்டு வருஷமாகத் தூக்குகிறேனே, அது போதாதா?

அக்டோபர் மாசம் நான் எழுதின கடிதத்தை எடுத்து வைத்துப் பார்ப்பாய், எனக்குத் தெரியும். அதில் இடது அக்குள், வலது கை என்று இருக்கும். அது நான் தப்பாக எழுதினது. அஞ்சாவது படித்தவள்தானே, இடதும் வலதும் எழுத்தில் மாறிப் போய்விட்டது. வாத்தியார் கதையெல்லாம் சும்மா சொன்னது. என் எழுத்தில் நிறையப் பிழை வரும். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

அவருக்கு உன் ஆட்டத்தைச் சொன்னேன். ஒருத்தியே இரண்டு பக்கமும் நின்று அடித்தாள் என்றதும் இடது கையைத் தூக்கினார். "பந்து இன்னா ஆச்சு?" என்றார். இத்தனை நாளில் அவர் மூன்று வார்த்தை சேர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. மூன்றாம் குழியில் மரத்துக்கு இருபது அடி தள்ளிக் கிடக்கிறது என்றேன். அங்கே புல் கொஞ்சம் சாய்வு என்பதுபோல் கையைச் சாய்த்துக் காட்டினார். பிறகு நான் கொடுத்த தண்ணீரை முழுக்கக் குடித்தார். நடுப்பகல்தான். இளவரசன் வர நேரம் இருந்தது. என்ன செய்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. இருந்தாலும் குடித்தார்.

மட்டையைத் திருப்பி அனுப்பாதே, இங்கே பாம்பு ஒன்றும் இல்லை.

காலண்டரில் பார்த்தேன். மார்ச்சு மாசத்தில் திங்கட்கிழமை ஐந்து வருகிறது. அந்தப் பந்து அங்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும் இடம் உனக்குத் தெரியும். வேறு ஒரு பந்தை வை. என் அடியை எனக்காக நீ அடித்துவிட்டாய், அது இருபது அடி போனது, போதும். அடுத்தது உன் அடி. போய் அடி. கேட்காவிட்டால் கேட்காமலே அடி. எங்கே போய் நின்றது என்று எழுது. அவர் கேட்பார்.

சுந்தராம்பாள்